நிலவேம்பு நாற்றங்காலில் திட்டுத் திட்டாக முளைப்பு: விதையை ஊறவைத்து உலர்த்தினால் சரியாகுமா, மருந்துச் சத்தும் கூடுமா?

கொள்ளிடக்கரை (அணைக்கரை பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். படுகையில் ஒன்றரை ஏக்கர் இருக்கு. நெல்லுக்கு ஆகாத மேட்டுப்பாங்கு, வண்டலும் மணலும் கலந்த மண். அதில் நிலவேம்பு போடுறேன். செடி நல்லாத்தான் வருது, தொல்லை எல்லாம் நாற்றங்காலில். ஒரே நாளில் தூவின விதை, ஒரு ஓரத்தில் நாலு இலை விட்டு நிக்கும்போது இன்னொரு ஓரத்தில் அப்போதான் மண்ணைப் பிளக்குது. அந்த வித்தியாசம் அறுவடை வரைக்கும் கூடவே வருது. பாதிச் செடி பூத்துக் காய் பிடிச்சிருக்கும், மீதி இன்னும் இலையாவே நிக்கும். என்னைக்கு அறுக்கிறதுன்னு முடிவு பண்ண முடியல. வாங்குறவர் சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்துட்டு, காய் கலந்திருக்கு, தண்டு கூடுதல்னு விலையைக் குறைக்கிறார்.

புழுதி விதைப்புக்கு நெல்லைப் பொட்டாஷ் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவாங்களே, அதே மாதிரி மூலிகை விதைக்கும் செய்தா விளைச்சலும் கூடும், மருந்துச் சத்தும் கூடும்னு ஒரு வீடியோவில் கேட்டேன். பிரைமிங்னு சொன்னாங்க. செய்து பார்த்தவங்க விவரமா எழுதினா உதவியா இருக்கும்.

மன்னை உழவன் (மன்னார்குடி)

அண்ணே, நெல்லுக்கு நாம காலங்காலமா ஊறவைத்து மூட்டம் போட்டு முளைகட்டித்தானே விதைக்கிறோம். நிலவேம்பையும் ஈரச் சாக்கில் கட்டி, முளை தெரிஞ்சதும் தூவிடுங்க. தனியா ஒரு முறை எதுக்கு?

விதைக்கூடம் (பாபநாசம், விதைப் பரிசோதனை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள்)

மன்னைத் தம்பி, மூட்டமும் இதுவும் ஒன்றில்லை. அந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காய்ந்த விதையைத் தண்ணீரில் போட்டால் முதலில் மளமளவென்று நீரை இழுக்கும். பிறகு இழுப்பு நின்றுபோன மாதிரி ஒரு கட்டம். வெளியே ஒரு மாற்றமும் தெரியாது, உள்ளேதான் வேலை நடக்கும். கிடப்பில் பழுதுபட்ட மரபுப்பொருள் செப்பனிடப்படும், நொதிகள் உருவாகும், சேமித்து வைத்த உணவு கரையத் தொடங்கும். அதற்கும் பிறகுதான் முளைவேர் தோலைக் கிழித்து வெளியே வரும். இந்த நடுக்கட்டம் முடிவதற்குள் விதையை எடுத்துப் பழைய எடைக்கு உலர்த்தினால் விதைக்குக் கேடு இல்லை. உள்ளே முடிந்த வேலை முடிந்ததாகவே இருக்கும். மறுபடி ஈரம் கண்டதும் விட்ட இடத்திலிருந்து கிளம்பும். முளைவேர் வெளியே வந்த விதையை உலர்த்தினாலோ செத்துப்போகும். மூட்டம் போட்ட நெல்லை அன்றைக்கே சேற்றில் வீச வேண்டியிருப்பது அதனால்தான். நெல் பெரிய விதை, சேறும் தயாராக இருக்கிறது, அங்கே அது சரி. தூள் மாதிரி இருக்கும் நிலவேம்பு விதையில் முளை வந்துவிட்டால் தூவும்போதே பாதி முறியும்.

ஒரே சீராக முளைப்பதற்கும் காரணம் இதுதான். முந்துகிற விதை நடுக்கட்டத்துக்கு வந்து காத்திருக்கும், பிந்துகிற விதையும் மெல்ல அங்கே வந்து சேரும். உலர்த்தி விதைக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஹைடெக்கர், பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் விதையை நனைத்து இதை 1973இல் நேச்சர் இதழில் எழுதினார். அந்த வேதிப்பொருள் நமக்கு வேண்டாம். விலை அதிகம், பிசுபிசுக்கும், காற்று உள்ளே போகாது, கழுவுவதும் பாடு. 1990களில் டேவ் ஹாரிஸும் அவரோடு இருந்தவர்களும் இந்தியாவின் மானாவாரி உழவர்களோடு சேர்ந்து, மக்காச்சோளம், மேட்டு நெல், கொண்டைக்கடலை விதைகளை இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மேல் ஈரம் போக உலர்த்தி விதைத்துக் காட்டினார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வழி.

உங்கள் நாற்றங்கால் திட்டுத் திட்டாக இருப்பதற்கு விதை எடுத்த விதமும் ஒரு காரணமாக இருக்கலாம். நிலவேம்புக் காய் காய்ந்ததும் வெடித்து விதையைச் சிதறடிக்கும். சிதறுமே என்று பச்சைக் காயையும் பழுத்த காயையும் சேர்த்து அறுத்துக் களத்தில் போடுகிறார்கள். ஒரே மூட்டைக்குள் முற்றியதும் முற்றாததும் வந்துவிடும். அதோடு, புதிதாக எடுத்த விதைக்கு உறக்கமும் உண்டு, சில மாதம் கிடந்தால்தான் கலையும். முற்றாத பொக்கு விதையை எந்தக் கரைசலும் முளைக்க வைக்காது. முதலில் புடைத்துத் தூற்றி அதை நீக்குங்கள்.

கொள்ளிடக்கரை

ரொம்ப நன்றிங்கம்மா. விதை எங்க கொல்லையில் எடுத்ததுதான், நீங்க சொன்ன மாதிரி காய் கலந்தேதான் இருக்கும். மருந்துச் சத்து கூடுமாங்கிறதையும் சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஊறணும், எதில் ஊறணும்?

விதைக்கூடம்

முதல் கேள்வி. ஊறவைத்த விதையிலிருந்து வந்த செடியில் மருந்துப் பொருள் கூடியது என்று காட்டும் ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. பெரும்பாலும் தொட்டியிலும் தட்டிலும் செய்தவை. அதை நம்பி விலை பேசப் போகாதீர்கள். வயலில் தரம் கூடுவதற்கு வேறொரு நேர்வழி இருக்கிறது, உங்களுக்கு உதவப்போவது அதுதான்.

நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு இலையில் அதிகம், தண்டில் குறைவு. பூக்கத் தொடங்கும் பருவத்தில் உச்சத்தில் இருக்கும், காய் பிடித்த பிறகு இறங்கும். கொல்லை முழுக்க ஒரே வயதில் இருந்தால் அந்தப் பருவத்தைப் பார்த்து ஒரே வீச்சில் அறுக்கலாம். கலந்து நின்றால் எந்தத் தேதியில் அறுத்தாலும் ஒரு பகுதி பருவம் தப்பியதாகத்தான் இருக்கும். விதையில் நாம் செய்வது செடிக்குள் சத்தை ஏற்றுவதில்லை. அறுவடை நாளில் எல்லாச் செடியும் சரியான வயதில் நிற்பதற்கு வழி செய்கிறோம், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துக்கு இன்னொன்று உண்டு. வைகாசி நடுவில் நாற்றங்கால் விட்டால் ஆனி கடைசியில் நடவு. 90 முதல் 120 நாளில் அறுவடை என்றால் புரட்டாசி கடைசியிலிருந்து ஐப்பசிக்குள் வந்து விழுகிறது. ஐப்பசி அடைமழையில் இலையை எங்கே உலர்த்துவது? கருத்துப்போகும், பூசணம் பிடிக்கும். டெல்டாவில் மூலிகைத் தரம் கெடுவது பெரும்பாலும் அந்த உலர்களத்தில்தான் என்பது என் திடமான எண்ணம். முளைப்பில் மிச்சமாகும் சில நாட்கள் இங்கே ஒரு வெயில் வாரத்துக்குச் சமம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஊருக்கு இந்தக் கணக்கு இவ்வளவு முக்கியமாக இருக்காது. நமக்கு உயிர்நாடி.

இரண்டாம் கேள்விக்கு இரவு எழுதுகிறேன்.

சரக்குப்பேட்டை (கும்பகோணம், நாட்டு மருந்து மொத்த வியாபாரம்)

அம்மா சொன்ன உலர்களம் பற்றிய பேச்சு நூற்றுக்கு நூறு உண்மை. வாங்குறவங்க பக்கத்திலிருந்து சொல்றேன். சரக்கு வந்ததும் நாங்க பார்ப்பது இலையின் பச்சை, தண்டு விகிதம், கையில் ஒடிச்சா ஒடியுதா, பூசண வாடை இருக்கா. பெரிய கம்பெனிக்குப் போற சரக்குன்னா அவங்க ஆய்வுக்கூடத்தில் கசப்புச் சத்தையும் அளந்துடுவாங்க. ஒரே கொல்லையிலிருந்து வந்த ரெண்டு மூட்டையில் ரெண்டு அளவு காட்டினா மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அதனால சராசரி நல்லா இருந்தா மட்டும் பத்தாது, மூட்டைக்கு மூட்டை ஒத்துப்போகணும்.

நிலவேம்புக் குடிநீருக்கு டெங்கு வந்த வருஷங்களில் திடீர்னு கேட்பு ஏறும். ஒன்பது சரக்கு சேரும் கஷாயம் அது: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு. இதில் கோரைக்கிழங்கை நீங்க களைன்னு பிடுங்கிப் போடுறீங்க. சுத்தமா கழுவிக் காயவைத்துக் கொண்டு வந்தா அதையும் வாங்குற ஆள் உண்டு.

விதைக்கூடம்

ஊறல் நேரம். யாராவது “நிலவேம்புக்கு இத்தனை மணி நேரம்” என்று ஒரே எண்ணைச் சொன்னால், அது அவர்களுடைய விதைக்கும் அவர்கள் ஊர் வெப்பத்துக்கும் பொருந்திய எண். உங்கள் விதைக்கு நீங்களே கண்டுபிடிக்கலாம், கடினமில்லை.

சின்னச் சின்னத் துணி முடிச்சாகக் கொஞ்சம் விதையைக் கட்டி ஒரே பாத்திரத்தில் போடுங்கள். 6, 12, 18, 24 மணி நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, ஈரத் துணிமேல் பரப்பாமல் நிழலில் உலர விடுங்கள். எந்த முடிச்சில் தண்ணீரிலிருந்து எடுத்த பிறகும் முளை வெளியே தலைகாட்டுகிறதோ, அது எல்லை தாண்டிய நேரம். அதற்கு முந்தைய நேரம்தான் உங்களுக்குப் பாதுகாப்பானது. வைகாசி வெயிலில் தண்ணீர் சூடேறினால் கணக்கு மாறும், விதையும் மூச்சு முட்டும். நிழலில், மண்பானையில் வைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மீன் தொட்டிக்குக் காற்று விடும் சின்ன மோட்டார் கிடைத்தால் இன்னும் நல்லது.

உலர்த்துவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஊறவைக்கும் முன் எடை போடுங்கள். 100 கிராம் விதை ஊறி 150 ஆனால், நிழலில் மெல்லிசாகப் பரப்பி, திருப்பிவிட்டு, மறுபடி 100 கிராமுக்குப் பக்கத்தில் வரும்வரை விடுங்கள். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன மின்தராசு போதும். நேர்வெயிலில் போடக் கூடாது.

கரைசல் என்றால் முதலில் வெறும் தண்ணீர், அதற்கு அடுத்து பொட்டாசியம் நைட்ரேட். உரக்கடையில் 13-0-45 என்று விற்கும் நீரில் கரையும் உரம் அதுதான். லிட்டருக்கு 5 கிராம், அதாவது அரை சதவீதம். உறக்கம் கலையாத விதைக்கு நைட்ரேட் உதவும். எடுத்த பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி உலர்த்துங்கள்.

முளைப்பைத் தூண்டும் ஜிப்ரலிக் அமிலம் பற்றி அடுத்துக் கேட்பீர்கள். கடையில் பயிர் ஊக்கியாகக் கிடைக்கும் பாட்டில்களில் 0.001 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அது பத்து லட்சத்தில் 10 பங்கு. கட்டுரைகளில் 100, 200 என்று சொல்லும் அளவை அந்தப் பாட்டிலை அப்படியே ஊற்றினாலும் எட்ட முடியாது. தூளாக வாங்கினால் தண்ணீரில் எளிதில் கரையாது, கொஞ்சம் சாராயக் கரைப்பானில் கரைத்துப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். பண்ணையில் இதற்கு அவசியம் வருவது அபூர்வம்.

மன்னை உழவன்

புரியுதுங்கம்மா. எங்க பக்கம் கனத்த களிமண். ஒரு மூலையில் அமுக்கரா போடலாமான்னு யோசிக்கிறேன். அதுக்கும் இப்படிச் செய்யலாமா?

விதைக்கூடம்

செய்யலாம், முளைப்பு சீராகும். ஆனால் மன்னார்குடிக் களியில் அமுக்கரா வேண்டாம் தம்பி. வேரை விற்கிற பயிர், தண்ணீர் தேங்கினால் அழுகும், இறுகிய மண்ணில் வேர் பிளந்து கோணலாகும். கார்த்திகை மழையில் நிற்கும் நிலத்துக்கு அது பொருந்தாது. விதை நேர்த்தியால் மண்ணை மாற்ற முடியாது. களிமண்ணில் வல்லாரை, கரிசலாங்கண்ணி மாதிரி ஈரம் விரும்புகிறவற்றைப் பாருங்கள்.

வேதை மணல்வெளி (வேதாரண்யம்)

கஜா புயலுக்கு அப்புறம் எங்க தென்னந்தோப்பில் பெரும்பகுதி போச்சு. 2018 நவம்பர் 15 முடிஞ்சு 16 பிறந்த ராத்திரியை இங்கே யாரும் மறக்கல. புதுத் தென்னை காய்க்கிற வரைக்கும் இடைவெளியில் என்ன போடுறதுன்னு தேடித்தான் நித்தியகல்யாணிக்கும் அவுரிக்கும் வந்தோம். மணல் நிலம் அதுக்குத் தோது. சிக்கல் தண்ணீர். கோடையில் போர் தண்ணீர் நாக்கில் வைச்சா கரிக்கும்.

இங்கே பழகினவங்க செய்றது: ஊறவைக்க மட்டும் மழைத்தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ எடுத்து வைச்சுக்குவாங்க. உப்புத் தண்ணீரில் ஊறின விதை நீரை இழுக்கவே திணறும். நல்ல தண்ணீரில் ஊறி உலர்ந்த விதை, வயலில் முதல் தண்ணீர் கொஞ்சம் கரிப்பா இருந்தாலும் சீக்கிரம் வேர் விட்டுத் தப்பிச்சுக்குது. ஊறவைச்ச விதைக்கும் ஊறவைக்காத விதைக்கும் உள்ள வித்தியாசம் இங்கே கண்ணுக்கே தெரியும், நல்ல தண்ணீர் இருக்கிற ஊரில் அவ்வளவு தெரியாது. கால்சியம் குளோரைடு கரைசலும் சொல்றாங்க. அம்மா கருத்து வேணும்.

இன்னொண்ணு. நித்தியகல்யாணி நல்லா ஒத்துழைக்குது, அவுரி ஒத்துழைக்கல. எத்தனை நேரம் ஊறினாலும் பாதி விதை கல்லு மாதிரியே கிடக்கு.

விதைக்கூடம்

உப்பு நிலத்தைப் பற்றி நீங்கள் எழுதியது மிகச் சரி. ஊறவைத்து உலர்த்துவதன் பயன் சுகமான நாற்றங்காலில் குறைவாகவும், வறட்சி, உவர், வெப்பம் என்று நெருக்கடி உள்ள இடத்தில் கூடுதலாகவும் தெரியும். கால்சியம் குளோரைடு நல்ல தேர்வு. கால்சியம் செல்சவ்வைக் காக்கும், சோடியத்தின் தொல்லையைக் குறைக்கும். முதலில் வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் இல்லையென்றால் செலவு வேண்டாம்.

அவுரி பயறுக் குடும்பம். விதைத் தோலே தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீர் உள்ளே போகாத விதையில் நான் மேலே எழுதிய எந்தக் கட்டமும் தொடங்காது. முதலில் தோலில் கீறல் விழ வேண்டும். சொரசொரப்பான மணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுத் தேய்த்து, பிறகு ஊறவையுங்கள். ஊறியதும் உப்பாமல் கல்லாகவே கிடப்பதைத் தனியாகப் பிரித்து மறுபடி தேய்க்கலாம். நிலாவரைக்கும் இதே முறைதான்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். நித்தியகல்யாணி இருட்டில்தான் நன்றாக முளைக்கும், மெல்லிய மண்மூட்டம் வேண்டும். கீழாநெல்லி நேர்மாறு, அதற்கு வெளிச்சம் வேண்டும். மணலோடு கலந்து மேலாகத் தூவி, மண்ணால் மூடாமல் பூவாளியில் நீர் தெளிக்க வேண்டும். எவ்வளவு அக்கறையாக ஊறவைத்தாலும் கீழாநெல்லியை ஆழத்தில் புதைத்துவிட்டால் மேலே வராது.

துளசித்தோட்டம் (திருவையாறு)

அக்கா, துளசியை ஊறவைத்தால் வழவழவென்று கோந்து கட்டி எல்லாம் ஒரே கட்டியாகிவிடுகிறது. உலர்த்தினால் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. இதற்கு வழி உண்டா?

விதைக்கூடம்

துளசியைத் தண்ணீரில் முக்காதீர்கள் அம்மா. ஈரப் பொருளோடு கலந்து வையுங்கள். வெர்மிகுலைட் என்ற ஈரம் பிடிக்கும் கனிமத் துகள் சிறந்தது, கிடைக்காவிட்டால் நன்றாகக் கழுவிச் சலித்த ஆற்று மணலோ உப்புப்போகக் கழுவிய தென்னை நார்க்கழிவோ போதும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் பட்டால் உதிர வேண்டும், அந்தப் பதம். விதை மெதுவாக ஈரத்தை எடுக்கும், கோந்து கட்டிக்கொள்ளாது. பிரித்தெடுக்கப் பாடுபடாமல் மணலோடு சேர்த்தே தூவிவிடலாம். தூள் விதையைப் பரவலாகத் தூவவும் அது வசதி.

வயல்வெளி (திருத்துறைப்பூண்டி, இயற்கை வேளாண்மை)

நாங்கள் சான்று பெற்ற இயற்கைப் பண்ணை. 13-0-45 தொட மாட்டோம். பஞ்சகவ்யம் 3 சதவீதக் கரைசலில் நனைத்து விதைக்கிறோம். அதுவும் இதுவும் ஒன்றுதானா?

விதைக்கூடம்

ஒன்றில்லை, இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். பஞ்சகவ்யத்தில் 20 நிமிடம் நனைப்பது விதைமேல் நுண்ணுயிர் ஏற்றும் நேர்த்தி. அந்த நேரத்துக்குள் விதை நடுக்கட்டத்துக்கு வராது. வெறும் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்த உங்கள் சான்றிதழில் தடையே இல்லை. விதைக்கும் முன்பு பஞ்சகவ்யம் நனைத்துக்கொள்ளுங்கள்.

நாற்றழுகல் தொல்லை இருந்தால் உயிர்முறை இன்னும் பொருத்தம். ஊறிய விதையை வடித்து, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கலந்து, ஈரச் சாக்கால் மூடி ஒரு நாள் நிழலில் வைத்தால் விதை ஊறுகிற அதே நேரத்தில் பாக்டீரியா தோல்மேல் பெருகிவிடும். இதை உலர்த்தி வைக்க வேண்டாம், உடனே விதைத்துவிடுங்கள். பூஞ்சாணக்கொல்லி மருந்தோடு கலக்கவே கூடாது. பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள், பூச்சிமருந்துக்கடை அலமாரியில் வெயில்பட்டுக் கிடந்த பாக்கெட்டில் உயிர் இருக்காது.

கொள்ளிடக்கரை

எல்லாத்தையும் எழுதி வைச்சுக்கிட்டேன். இந்தப் பட்டத்துக்கு நான் செய்யப்போறது: புடைச்ச விதையை மூணாப் பிரிக்கிறேன். ஒரு பங்கு அப்படியே, ஒரு பங்கு வெறும் தண்ணீர், ஒரு பங்கு 13-0-45. மூணையும் தனித்தனிப் பாத்தியில், ஒரே நாளில், ஒரே அளவு விதை. அறுவடையையும் தனித்தனியாவே உலர்த்தி எடை போடுறேன். சரக்குப்பேட்டை அண்ணே, மூணு மாதிரியும் கொடுத்தா கசப்புச் சத்து அளந்து சொல்ல வழி இருக்கா?

சரக்குப்பேட்டை

கொண்டு வாங்க தம்பி. நாங்க சரக்கு அனுப்புற இடத்தில் கேட்டு அளந்து தரச் சொல்றேன். ஒரே தேதியில் அறுத்து, ஒரே நிழலில் உலர்த்தினதா இருக்கணும். ஒண்ணை வெயிலில், ஒண்ணை நிழலில் காயவைச்சிட்டு விதையால் வந்த வித்தியாசம்னு சொல்ல முடியாது. தண்டு, இலை பிரிச்சு எடை போட்டுக் குறிச்சுக் கொண்டு வந்தா இன்னும் தெளிவா இருக்கும்.

விதைக்கூடம்

நல்ல திட்டம். பாத்தியில் போடும் முன் ஒவ்வொரு பங்கிலிருந்தும் 400 விதையை, நூறு நூறாக நான்கு தட்டில், ஈரத் தாள்மேல் வைத்து முளைப்பு எண்ணுங்கள். மொத்தம் எத்தனை முளைத்தது என்பதோடு தினம் எத்தனை முளைத்தது என்பதையும் குறியுங்கள். மொத்தம் மூன்றிலும் ஒன்றாகவே வரலாம். ஊறிய விதை குறைந்த நாட்களுக்குள் முளைத்து முடித்திருக்கும், உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஊறவைத்து உலர்த்திய விதையை அடுத்த பட்டத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள். உள்ளே வேலையைத் தொடங்கிவிட்ட விதை, சாதாரண விதையைவிடச் சீக்கிரம் வீரியம் இழக்கும். தேவையான அளவை மட்டும் ஊறவையுங்கள். மீதி விதை காற்றுப்புகாத டப்பாவில், அறுவடைத் தேதி எழுதி, ஊறாமலே இருக்கட்டும்.

வேதை மணல்வெளி

அவுரியை மணலில் தேய்த்து ஊறவைச்சிருக்கேன் அம்மா. இப்போ பெரும்பாலும் உப்பியிருக்கு. கல்லா கிடக்கிறதைச் சலிச்சு எடுத்து மறுபடி தேய்க்கப் போறேன். முளைப்பு எண்ணிக்கையை இதே இழையில் போடுறேன்.